கியர் பொக்ஸின் முனகல்

வாகனம் ஆண்களின் விஷயம் என்று நம் சகோதரிகளிற் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் வாகனம் வாங்கும் பணத்தில் அவர்களுடைய காப்பும் மாலையும் கரைகின்றன. ஆகவே இதை அவர்களும் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணவரை இழந்த என் ராத்தா கேகாலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறார். பஸ்ஸை விட்டிறங்கி இறப்பர் மரங்களுக்கிடையே மூன்று மைல் நடை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. புதிய காரின் விலை எங்களுக்கு எட்டாது. எனவே நான்கு காப்புகளை விற்ற பணத்துடன், மாவனெல்லையில் விலைக்கு வந்த மொரிஸ் மைனர் ஒன்றைப் பார்க்கப் போனோம். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டி அது. நம் நாட்டில் இன்றும் ஓடுகிறது.

எங்களுடன் வந்த மெக்கானிக் பாஸ் ஒரு சிங்களப் பெரியவர். "மௌலவி, முதலில் காதால் பார்ப்போம்" என்றார். அவர் செய்ததையெல்லாம் ராத்தாவுக்கும் விளக்கினார்.

வண்டியை நிறுத்தி, கியரில் போடாமல் எஞ்சினை ஓடவிட வேண்டும். கிளச்சை மிதிக்காதபோது உறுமி, மிதித்ததும் அடங்கினால் கோளாறு கியர் பொக்ஸின் பெயாரிங்கில். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளச்சின் ரிலீஸ் பெயாரிங். கிளச்சை மிதித்துச் சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். அப்போதும் உரசினால் கிளச் முழுமையாக விடவில்லை. அதைத்தான் முதலில் சரிசெய்து பார்க்க வேண்டும். அதற்காகக் கியர் பொக்ஸைக் கழற்றத் தேவையில்லை.

ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கரகரக்கிறதா? சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். முதலாம் கியரை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. மைனரின் முதலாம் கியருக்கு அந்த வளையமே கிடையாது. இறக்கத்தில் எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்றால், உள்ளே பற்களோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம். தாங்கும் இறப்பர் கட்டைகள் நைந்தாலும் அப்படி நேரும். செலவு குறைந்த இறப்பரையே முதலில் பார்க்க வேண்டும்.

காலைக் குளிரில் அந்தக் காரில் சத்தமே இல்லை. கியர் மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. கடுகண்ணாவ ஏற்றத்தில் நன்றாகச் சூடேறியதும் முதல் மூன்று கியர்களிலும் முனகத் தொடங்கியது. நான்காவதில் மட்டும் அமைதி. நான்காவதில் எஞ்சினின் விசை நேராகப் பின்னே செல்கிறது. மற்றவற்றில் லேஷாஃப்ட் என்ற கீழ்த்தண்டு வழியாகச் செல்கிறது. அந்தத் தண்டும் அதன் பெயாரிங்கும்தான் தேய்ந்திருந்தன.

திரும்பி வந்து, உரிமையாளரின் சம்மதத்துடன் ஒயிலை வடித்தோம். மைனரின் கியர் பொக்ஸுக்கு ஊற்ற வேண்டியது எஞ்சின் ஒயில். இதிலோ பின் அச்சுக்கு ஊற்றும் தடித்த ஒயில் இருந்தது. சத்தத்தை அமுக்கும் பழைய உபாயம் இது. சூடாகி இளகியதும் உண்மை வெளிவந்துவிடும். பாஸ் காந்தத்தை விட்டார். உருக்குத் துகள்கள் ஒட்டின. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் தூளாக இருந்தால் அது சின்க்ரோ வளையத்தின் தேய்மானம்.

உரிமையாளர் இளைஞர். தரகர் சொல்லித்தான் அப்படிச் செய்ததாகத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தியை அவருக்கு மெதுவாக நினைவூட்டினேன். ஈரத்தை மேலே வைத்து விற்றிருந்தால் அந்த வியாபாரிக்குக் குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம்.

பழுதுபார்க்கும் செலவை அவர் விலையில் குறைத்தார். ராத்தா வாங்கினார். தண்டும் பெயாரிங்குகளும் மாற்றிய பில்லைக் கோப்பில் வைத்திருக்கிறார். "விற்கும் நாளில் இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், தம்பி" என்கிறார்.

சகோதரிகளே! வாங்குவதானால் குளிரிலும் ஏற்றத்திலுமாக இருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயிலைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் நீங்களானால், கேட்பதற்கு முன்னரே குறையைச் சொல்லிவிடுங்கள். நம்மிடம் வாங்க வருபவரின் வீட்டிலும் யாரோ ஒருத்தி தன் காப்பைக் கழற்றிக் கொடுத்திருப்பாள்.