மலைப்பாதையும் ஹாண்டிலின் உயரமும்

கினிகத்தேனையைக் கடந்து வட்டவளை வழியாக நாம் ஹட்டனுக்கு ஏறினோம். வளைவுக்கு மேல் வளைவாய்ச் செல்லும் இப்பாதை கடல் மட்டத்திற்கு மேல் 4,000 அடியையும் தாண்டுகிறது. தேயிலைச் சரிவுகளின் பசுமை கண்ணுக்கு விருந்து. ஆயினும் மோட்டார் சைக்கிளில் வருவோர் அவ்விருந்தை நோவின்றி அனுபவிப்பது ஹாண்டிலின் உயரத்தையும் பொறுத்தது.

ஹாண்டில் மிகத் தாழ்ந்திருந்தால் உடல் முன்னே குனியும். இறக்கத்தில் பிரேக் பிடிக்குந்தோறும் பாரம் மணிக்கட்டில் இறங்கும். மிக உயர்ந்திருந்தாலோ பாரம் பின்னே சாயும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரத்தின் பிடி தளரும். மழை நனைத்த வளைவில் அது ஆபத்தாகும். முழங்கை சற்றே மடிந்து, மணிக்கட்டு நேராக நின்று, தோள் தளர்ந்திருக்கும் உயரமே உகந்தது.

ஹாண்டிலை உயர்த்த விரும்பும் இளைஞர் ஒன்றை மறத்தலாகாது. அதை இருபுறமும் முற்றாகத் திருப்பி, பிரேக், கிளட்ச், அக்சிலேட்டர் கம்பிகள் இழுபடுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அக்சிலேட்டர் கம்பி இறுகினால், வண்டியைத் திருப்பும்போதே எஞ்சின் தானாக வேகங்கொள்ளும். நகரத்துச் சமவீதி பொறுத்துக்கொள்ளும் இச்சிறு குறையை, ஒருபுறம் பள்ளம் கொண்ட மலைவளைவு பொறுப்பதில்லை. புறப்படுமுன் நாம் செலவிடும் ஐந்து நிமிடம் வீண்போகாது.