எழும்பூர் மணல்

ரங்கூனின் க்யிம்யிண்டைங் ரயில் நிலையத்துக்கு அருகே நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடியில், இராப்பொழுதெல்லாம் கணிப்பொறியின் முன் விழித்திருக்கும் என் பேரன், வலைச் செயலி இயற்றும் வித்தையைத் தான் கேட்டுப் படிப்பது அமெரிக்காவின் எம்.ஐ.டி. சர்வகலாசாலைப் பாடமென்றும், ஆயினும் அதைப் போதிப்பவர்கள் பேராசிரியர்களல்லர், அங்குள்ள மாணவர்களே என்றும் சொன்னபோது, காலம் கெட்டுவிட்டதென்றே நான் முதலில் எண்ணினேன். ஜனவரியில் நான்கு வாரம் நடக்கும் அந்த 'வெப் லேப்' பாடத்தை மாணவரே வகுத்து, மாணவரே போதிக்க, கற்றவர்கள் சிறு குழுக்களாகக் கூடி குழுவுக்கொரு வலைத்தளத்தை ஆதியோடந்தமாகக் கட்டிப் போட்டிக்கு வைக்கிறார்கள். சர்வகலாசாலையும் அதை முறையான பாடமாகவே ஏற்கிறது.

மாணவரே போதிக்கும் இவ்வழக்கத்தின் மூலத்தைத் தேடப் புகுந்தேன். வட்ட ரயிலில் வடக்கே சில நிலையங்கள் தாண்டினால் வரும் தமைங்கில் 1971-இல் எழுந்த கணிப்பொறி மையம் ஆசிரியர்கள் நடத்திய ஸ்தாபனம்; ஆகவே மூலம் அங்கில்லை. 1964-இல் பேச்சுரிமைக்காகக் கிளர்ந்த அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலை மாணவர்கள், பின்வந்த ஆண்டுகளில் தாங்களே பாடம் நடத்தும் உரிமையையும் பெற்றார்கள். இன்றும் அங்கே 'டீகால்' என்ற பெயரில் அது நடக்கிறது. அதற்கும் முன்னே?

பேரன் திரையில் எடுத்துக்கொடுத்த 1797-ஆம் வருஷத்துப் புஸ்தகமொன்று என்னை எழும்பூரில் கொண்டுபோய் நிறுத்திற்று. 1789-இல் அங்கே, ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் தலைமையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒரு நாள் காலைக் குதிரைச் சவாரியில், நம் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். உபாத்தியாயர்கள் இணங்காமற்போகவே, எட்டு வயதுச் சிறுவனான ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் ஜயித்தான். பின்னர் இங்கிலாந்தெங்கும் 'மதராஸ் முறை' என்று பிரசித்தி பெற்ற விஷயம் இதுதான்.

மணலை நம்மவரிடம் கண்டதை ஒப்புக்கொண்ட பெல், சிறுவனை ஆசானாக்கும் யோசனையைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே பேசினார். தஞ்சாவூர்த் திண்ணைப் பள்ளியில், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையிடம் அடிவாங்கி அட்சரம் கற்றுப் பின்பு ரங்கூனுக்குக் கப்பலேறியவர் என் பாட்டனார். ஆகையால் அந்த வாதம் எனக்கு ருசிக்கவில்லை.

எழும்பூரிலிருந்து எம்.ஐ.டி.க்கு நேர்கோடு இழுக்க நான் துணியேன். சட்டாம்பிள்ளை ஐயா சொன்னதைத் திருப்பிச் சொன்னவன். எம்.ஐ.டி. மாணவனோ எதைச் சொல்வதென்பதையும் தானே தீர்மானிக்கிறான். ஆனால் பேரன் சொன்ன ஒரு காரணம் இருவருக்கும் பொருந்துகிறது: நேற்றுக் கற்றவனுக்குத்தான் தான் இடறிய இடம் நினைவிருக்கும்.

"உங்கள் சட்டாம்பிள்ளைகளிடம் பிரம்பு உண்டா?" என்று கேட்டேன்.

"வேண்டியதில்லை, தாத்தா. பிழை செய்தால் திரையே சிவப்பெழுத்தில் திட்டிவிடும்" என்றான்.