கதவு அடைபடும் முன்னே

நம் பாட்டனார் விட்டுச் சென்ற தகரப் பெட்டி ஒன்று காரைக்காலில் உம்மாவின் கட்டிலுக்கடியில் இன்றும் இருக்கிறது. சைகோனில் அவர் துணிக்கடை நடத்திய காலத்துக் கணக்குச் சிட்டைகள் சிலவும், பிரெஞ்சு மொழியில் தட்டெழுதிய தாள் ஒன்றும் அதனுள் உள்ளன. நம் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் போக்கை வகுத்தது அந்த ஒற்றைத் தாள்தான்.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு ஊர்களின் ஆட்சி 1954 நவம்பர் 1இல் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டதாயினும், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது. ஊரிலேயே பிறந்து ஊரிலேயே குடியிருந்தோர் அன்று முதல் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடிமக்களாக நீடிக்கலாம். வாளாவிருந்தால் இந்தியக் குடிமக்கள் ஆவர். பாட்டனார் எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பியோ, "சைகோன் பிழைப்பு முடிந்துவிட்டது, இனி எந்தப் பிரான்சுக்கு நாம் போகப் போகிறோம்?" என்று சொல்லி இருந்துவிட்டார். ஒரே கூரையின் கீழ் இரு நாட்டுக் குடிமக்கள் சோறுண்டனர். பின்னாளில் சின்னப் பாட்டனாரின் பேரர்கள் துபாய்க்குக் கப்பலேறினர். நாம் பாரிசின் வடக்குப் புறநகர் ஒன்றில் போய் இறங்கினோம். கெடுவுக்குள் கையெழுத்திட்டவரே கெட்டிக்காரர் என்னும் எண்ணம் நம் வீட்டில் அன்றே வேரூன்றிவிட்டது. துபாய் போனவர்களும் நம்மைவிடக் குறைவாக வாழ்ந்துவிடவில்லை என்பதை ஏனோ எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

2013இல் நாம் பிரான்சை விட்டு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதிக்குக் குடிபெயர்ந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகன் ஒன்றிய நாடுகளுள் எங்கும் சென்று வாழலாம், உழைக்கலாம் என்ற உரிமை அன்று பிரிட்டனிலும் இருந்தது. விசா இல்லை, விண்ணப்பமில்லை. மகளுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்பது ஒரு காரணம். பிரான்சில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் தலைத்துணி அணிய இடமில்லாது போனது மற்றொரு காரணம். தெருக்கோடியில் பள்ளிவாசல், எதிர்ச்சாரியில் இடியாப்ப மாவு விற்கும் கடை. வேறென்ன வேண்டும் என்றிருந்தோம்.

2016 ஜூன் 23இல் பிரிட்டானிய மக்கள் வாக்களித்தனர். நூற்றுக்கு 52 பேர் ஒன்றியத்தை விட்டு விலகுவதே நன்று என்றனர். மறுநாள் ஸஹர் முடிந்தபின்தான் நாம் செய்தி கேட்டோம். அது ரமலான் மாதம். உண்ட கவளம் தொண்டையில் நின்றது. நாட்டை விட்டு எவரையும் வெளியேற்ற மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னவர் பலர். ஆயினும் "மாட்டார்கள்" என்ற சொல் ஒரு தாளில் அச்சாகி வரும்வரை நம்மைப் போன்றவருக்கு உறக்கம் ஏது?

முடிவில் விதிகள் வந்தன. ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்தவருக்கு நிலையான குடியிருப்பு. அதற்குக் குறைந்தவருக்கு இடைக்காலக் குடியிருப்பு. ஓராண்டுக் காலத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், தக்க காரணமிருந்தாலன்றி, தொடர்ச்சி அறுந்துபோகும் என்பது அன்றைய விதி. 2020 டிசம்பர் 31 இரவு 11 மணிக்குள் வந்து வாழத் தொடங்கியவருக்கே இந்த வாய்ப்பு. அவர்கள் விண்ணப்பிக்க 2021 ஜூன் 30 கடைசி நாள். விண்ணப்பத்துக்கு 65 பவுண்டு கட்டணம் என்று முதலில் அறிவித்தார்கள். கண்டனம் எழவே, 2019இல் அதை நீக்கிவிட்டார்கள். 30 லட்சம் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று பலர் எண்ணியிருக்க, கெடு முடிவதற்குள் 60 லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன.

2019 கோடையில் நாம் விண்ணப்பித்தோம். கடவுச்சீட்டின் உள்ளே பதித்த சில்லைக் கைப்பேசியால் படிக்க வேண்டும். அதற்கான செயலி ஐபோனில் அப்போது இயங்கவில்லை. அண்டை வீட்டுப் பையனிடம் வேறொரு கைப்பேசியை இரவல் வாங்கினோம். நம் தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்ததும் வரிப் பதிவேடே ஐந்தாண்டு வாழ்வுக்குச் சாட்சி சொல்லிற்று. சில நிமிட வேலை.

துணைவியாரின் முறை வந்தபோதுதான் இடி விழுந்தது. அவரும் காரைக்காலில் வேரூன்றிய பிரெஞ்சுக் குடிமகளே. ஆனால் சம்பள வேலைக்குச் சென்றவரல்லர். வரிப் பதிவேட்டில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம் நம் பெயரில். மின்கட்டணம் நம் பெயரில். வங்கிக் கணக்கு நம் பெயரில். ஒன்றியக் குடிமக்களின் கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமில்லையாதலால், நாட்டுக்குள் நுழைந்த நாளுக்கும் அடையாளம் இல்லை. ஆறாண்டு இந்த நாட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிச் சென்று வந்த ஒரு பெண்மணி, தாள்களின் கணக்கில் இங்கே வாழவே இல்லை!

"என் பெயரையும் போடச் சொல்லி எத்தனை முறை சொன்னேன்?" என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டார். நம்மிடம் விடை இல்லை. சோம்பல்தான் காரணம், குடும்பத் தலைவன் என்ற செருக்கும் சிறிது இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் தேடினோம். 2016இல் இளைய மகன் பிறந்தபோது மருத்துவமனை அனுப்பிய கடிதங்கள் கிடைத்தன. மகளின் பள்ளி, ஆண்டுதோறும் பெற்றோர் சந்திப்புக்கு வந்தவர் இவர்தாம் என்று எழுதிக் கொடுத்தது. குடும்ப மருத்துவரின் நிலையத்தில் பதிவான தேதிகளின் பட்டியல் பெற்றோம். 2015ஆம் ஆண்டுக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நூலக அட்டை ஒன்றும், பல் மருத்துவரின் ரசீது ஒன்றும் பழைய கைப்பையின் உள்ளறையிலிருந்து வெளிப்பட்டன. கூடுதல் விவரம் கேட்டுத் தொலைபேசியில் பேசிய அலுவலர் பண்போடுதான் பேசினார். செப்டம்பரில் நிலையான குடியிருப்பு கிட்டியது. அல்ஹம்துலில்லாஹ். மறுநாளே மின்கட்டணத்தை அவர் பெயருக்கு மாற்றினோம், அவர் சிரிக்கவில்லை.

இவ்வளவோடு நின்றிருக்கலாம். நாம் நிற்கவில்லை.

நம் தம்பி பாரிசின் புறநகரிலேயே இருந்தார். ரயில் பணிமனையில் நிரந்தர வேலை; நல்ல ஊதியம். லண்டன் வாழ்வை அவர் கேட்டதே இல்லை. நாம்தான் தொலைபேசியில் நாள்தோறும் ஓதினோம்: கதவு அடைபடப் போகிறது, அடைபட்டபின் தட்டிப் பயனில்லை, பாட்டனாரை நினைத்துப் பார். தம்பி இணங்கினார். 2020 செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டு வந்து, கொள்ளைநோய்க் கால விதிப்படி பதினான்கு நாள் நம் மாடியறையில் தனித்திருந்தார்.

அவருக்குக் காரைக்காலில் பெண் பேசி முடித்திருந்தது; 2021 ஷவ்வாலில் நிக்காஹ் என்று இரு வீட்டாரும் நாள் குறித்திருந்தனர். இங்கேதான் அடுத்த முடிச்சு. டிசம்பர் 31க்குள் மணமுடித்திருந்தால் மனைவி பின்னர் எப்போது வந்தாலும் இத் திட்டத்தின் கீழ்க் கட்டணமின்றி வரலாம். அதன்பின் மணமுடித்தால் பொதுச் சட்டம். அப்போது ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு காட்ட வேண்டியிருந்தது, விசாக் கட்டணமும், மருத்துவத்துக்கென ஆண்டுக்கு 624 பவுண்டும் கட்ட வேண்டியிருந்தது. புதிதாக வந்து கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கிக் கொண்டிருந்த தம்பியால் அது ஆகாத காரியம்.

நிக்காஹை முன்தள்ளச் சொல்லி உம்மாவிடம் பேசினோம். "கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறது நானா, லண்டன்காரனா?" என்று உம்மா கேட்டார். பெண் வீட்டாருக்கும் மனத்தாங்கல். பெண்ணின் தாய்மாமன் குவைத்திலிருந்து வர முடியாத காலம் அது. எனினும் நாள் மாறிற்று. நவம்பர் 26 என்று வைத்தோம். 25ஆம் நாள் இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. 29ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பந்தல் இல்லாமல், பத்திருபது பேர் நடுவே நிக்காஹ் நடந்தது. நாம் அதைக் கைப்பேசித் திரையில் கண்டோம். ஈஜாபு கபூல் சொல்லும் வேளையில் இணைப்பு அறுந்தது. தம்பி டிசம்பர் 10ஆம் தேதி லண்டன் திரும்பினார். பிரிட்டனிலிருந்து வரும் விமானங்களை இந்தியா 22ஆம் தேதி நிறுத்திற்று என்பதைக் கேட்டபோது நம் முன்யோசனையை நாமே மெச்சிக் கொண்டோம்.

மணமகள் வந்து சேர 2021 அக்டோபர் ஆயிற்று. பத்து மாதத்துக்கு மேல் தனித்திருந்த தம்பி, அதற்குள் பேச்சைக் குறைத்துக் கொண்டுவிட்டார். ஒரு நாள் இரவுப் பணி முடிந்து வந்து, காலணியைக் கழற்றாமலே, "நானா, பாட்டனார் கையெழுத்துப் போட்டது போவதற்கா, இருப்பதற்கா?" என்று கேட்டார். பாட்டனார் அந்தத் தாளை வாங்கியபின் காரைக்காலை விட்டு எங்கும் போகவில்லை. அங்கேயே மவ்த்தாகி அங்கேயே அடங்கியவர். அது தெரிந்துதான் கேட்டார்.

2022இல் ஊருக்குப் போயிருந்தபோது உம்மா, "உங்களுக்குக் கொடுத்த அட்டையைக் காட்டு" என்றார். இந்தியக் கடவுச்சீட்டில் வந்த மருமகளுக்கு அட்டை கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுக் குடிமக்களான நமக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கணினியில், கேட்பவருக்குக் கைப்பேசியில் ஓர் எண்ணை வரவழைத்துக் கொடுக்க வேண்டும். உம்மாவுக்கு அது விளங்கவில்லை. நமக்கே முழுதும் விளங்கியதென்று சொல்வதற்கில்லை. மின்னஞ்சலில் வந்த முடிவுக் கடிதத்தைக் கடைத்தெருவில் அச்சிட்டுக் கொடுத்தோம். இக் கடிதத்தைச் சான்றாகக் காட்ட இயலாது என்று அக் கடிதமே சொல்கிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை. உம்மா அதை நான்காக மடித்தார். தகரப் பெட்டியை இழுத்து, பாட்டனாரின் தாளுக்கு அடியில் வைத்து, மேலே இரண்டு பாச்சை உருண்டை போட்டு மூடினார்.