ஆறு தெளியட்டும், பிறகு தூண்டில்

ஆண்டு இறுதி மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுவிடும். செம்பனைக் காட்டிலும் வேலை பாதியோடு போகும். வீட்டில் எத்தனை நேரந்தான் உட்கார்ந்திருப்பது? தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பி விடுகிறோம். தாராளமாகக் கிளம்புங்கள். எந்த நாளில் கிளம்புவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குளிர் நாட்டுத் தூண்டில்காரர்கள் இலையுதிர் காலம் எப்போது வரும் என்று காத்திருப்பார்களாம். நமக்கு அந்தக் காலமே கிடையாது. நம் ஆற்று மீனுக்கு நாள்காட்டி, தண்ணீரின் நிறம்தான்.

மலையில் பிறந்து, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓடி, பேராக் ஆற்றில் கலக்கிறதே பிளஸ் ஆறு, அதை வைத்துத்தான் நான் சொல்கிறேன். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தப் பக்கம் பிற்பகல் தோறும் மழை கொட்டும். ஆறு தே தாரிக் நிறத்தில் ஓடும். அந்த நேரத்தில் செபாராவ் மீனைத் தேடிப் போவது வீண் வேலை. செபாராவ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். கலங்கல் நீரில் அதற்குக் கண் தெரியாது. அன்றைக்கு மண்புழுவைக் கோத்துப் போட்டால் பாவுங் கிடைக்கலாம். மீசை வைத்த மீனல்லவா, வாடை பிடித்தே இரைக்கு வந்துவிடும்.

மழை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். தே தாரிக் மெல்ல மெல்ல தே ஓ நிறத்துக்கு வரும். அதுதான் செபாராவுக்கு நேரம். உடம்பின் நடுவே கறுப்புப் பட்டை, சிவந்த வால், வாலின் ஓரத்தில் கறுப்புக் கரை. பார்த்தால் மறக்க மாட்டீர்கள். கெண்டைக் குடும்பத்து மீன்தான், ஆனால் குணம் புலிக்குணம். சிற்றோடை வந்து ஆற்றில் சேரும் வாயிலும், விழுந்து கிடக்கும் மரத்தின் நிழலிலும், பாறைக்குப் பின்னாலும் சின்ன மீன்களுக்காகக் காத்து நிற்கும். விடியற்காலையும் மாலை ஐந்து மணிக்கு மேலும் நல்ல நேரம்.

உயிருள்ள சின்ன மீனை முள்ளில் கோத்து, ஓடை நீர் கலக்கும் இடத்தில் மிதக்க விடுங்கள். பளபளக்கும் தகட்டுத் தூண்டில் இருந்தால் நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசி இழுங்கள். மூங்கில் கழியும் கெட்டியான தங்கூசியும் இருந்தால்கூடப் போதும். கழியை மட்டும் தரையில் வைத்துவிட்டுச் சுருட்டு பற்ற வைக்காதீர்கள். செபாராவ் முதல் அடியிலேயே கழியை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நிறத்தைப் பார்க்கச் சொன்னேனே, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆற்று நடுவே பாறையில் நாங்கள் நான்கு பேர், கீழே மணல் திட்டில் பையன்கள் சிலர். தெளிந்து ஓடிய நீரில் திடீரென்று காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. நிறமும் மாறியது. என் மாமா தூண்டிலைச் சுருட்டக்கூட இல்லை. "ஏறுங்கடா மேலே!" என்று போட்ட சத்தத்தில் எல்லோரும் கரையேறினோம். சற்று நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம், மணல் திட்டையும் காணோம். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். மலையில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு வருவது. நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். இலை, சுள்ளி, நிறமாற்றம், மேலேயிருந்து இரைச்சல், இவற்றில் எதைக் கண்டாலும் மீன் கடிக்கிறதே என்று பார்க்காதீர்கள். பிள்ளைகளை முதலில் கரையேற்றுங்கள்.

தூபா வேரை நசுக்கிப் போட்டும், பேட்டரி வைத்து ஷாக் கொடுத்தும் மீன் பிடிப்பவர்களையும் பார்க்கிறோம். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி இரண்டும் குற்றம். குஞ்சோடு கூண்டோடு அழித்துவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகு ஓடை வாயில் எது காத்து நிற்கும்?

கிடைத்த மீனைப் பற்றி வீட்டுக்காரம்மாளுக்கு ஒரு வார்த்தை. செபாராவில் மெல்லிய முள் அதிகம். இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி, மஞ்சளும் உப்பும் தடவி மொறுமொறுவென்று பொரித்தால் சின்ன முள்ளெல்லாம் மீனோடு பொரிந்துவிடும். குழம்பு வைப்பதானால் புளியைச் சற்றுத் தூக்கலாகக் கரையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நீங்களே முள்ளெடுத்து ஊட்டிவிடுங்கள்.