ஒரே கார்டு, நாலு ஐபி

புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் இன்னைக்குக் கேட்டார்:
"அண்ணா, சர்வர்ல நெட்வொர்க் கார்டு ஒண்ணுதானே? ஐபி மட்டும் எப்படி நாலு?"

சென்னைல ஒரே வாசலுக்குப் பழைய எண், புதிய எண்ணுன்னு ரெண்டு இருக்கே, அந்த மாதிரிதான்னேன். எதைப் போட்டாலும் தபால் வந்துடும்.

லினக்ஸ்ல 'ஐபி அட்ரஸ் ஆட்'னு ஒரே வரி, முடிஞ்சுது.
ரீபூட் பண்ணா போயிடும். நிலைக்கணும்னா, உபுண்டு சர்வர்ல நெட்பிளான் ஃபைல்லயும் எழுதணும்.

லேபிள் இல்லாம சேர்த்த ஐபியைப் பழைய 'ஐஎஃப்கான்ஃபிக்' காட்டாது.
என் விரல் இன்னும் அதைத்தான் அடிக்குது. வயசாயிடுச்சு, வேற என்ன!

வில்லங்கம் வெளியே போறப்பதான்.
உள்ளே வர்றது நாலுலயும் வரும். சர்வரே ஆரம்பிக்கிற கனெக்‌ஷன், நாம எதுவும் சொல்லலைன்னா, பெரும்பாலும் முதல் ஐபியிலிருந்துதான் கிளம்பும். அந்தப் பக்கத்து ஃபயர்வால் ரெண்டாவது ஐபியை மட்டும் அனுமதிச்சிருந்தா, கதை கந்தல்.

முன்னாடி எஸ்எஸ்எல் சைட் ஒவ்வொண்ணுக்கும் தனி ஐபி தேவைப்பட்டுச்சு. எஸ்என்ஐ வந்தப்புறம் அந்தக் கட்டாயம் போச்சு.

"அப்புறம் நமக்கு எதுக்குண்ணா நாலு?"

டீ குடிக்கப் போயிட்டேன்.

உங்க சர்வர்ல எத்தனை ஐபி? எது எதுக்குன்னு உங்களுக்காவது தெரியுமா மக்களே?