மறைக்க இடமில்லாத அறை

பூசிய சுவரைவிடப் பூசாத சுவருக்குத்தான் வேலை அதிகம். ஓட்டல் கட்ட வருகிறவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. செங்கல் தெரியும் சுவர், தலைக்கு மேல் ஓடும் இரும்புக் குழாய்கள், மெருகு போடாத தரை என்று கைபேசியில் படம் கொண்டு வருவார்கள். பூச்சு இல்லை, ஃபால்ஸ் சீலிங் இல்லை, ஆகவே செலவும் பாதி என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு ஏன் தப்பு என்று விளக்குவதிலேயே என் தொழிலில் பாதிப் பொழுது போய்விடுகிறது.

எனக்கு ஊர் கங்காதர நெல்லூர். சித்தூருக்குக் கிழக்கே கரும்பும் மாவும் விளைகிற பகுதி. வேலை பெரும்பாலும் சித்தூரிலும் திருப்பதியிலும். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பக்கம் வட ஆற்காட்டோடு இருந்தது. வேலைத்தளத்தில் இன்றும் பாதிப் பேச்சு தமிழ், பாதி தெலுங்கு. வெல்ல மண்டிக் குடோன்கள், ஓடாமல் நின்ற அரிசி மில்கள், மாம்பழக் கூழ் ஆலைகள் கைவிட்ட கொட்டகைகள் இங்கே நிறைய. உயரமான கூரை, நடுவில் தூணில்லாத தரை, தடித்த சுவர். திருப்பதிக்குப் போகிறவர்களும் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே காரில் பறக்கிறவர்களும் நின்று சாப்பிட இடம் தேடுவதால், இந்தக் கட்டடங்கள் மேல் இப்போது ஓட்டல்காரர்களின் கண் விழுந்திருக்கிறது.

செங்கலும் குழாயும் தெரிய விடுகிற இந்த மோஸ்தர் பிறந்தது அழகுக்காக அல்ல, வாடகைக்காக. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் சிறு ஆலைகள் காலி செய்த மாடிகளில் 1960களில் ஓவியர்கள் குடியேறினார்கள். குடியிருக்கச் சட்டம் இடம் கொடுக்காத தொழிற்கூடங்கள் அவை. பூச்சுக்குப் பணம் இல்லாததால் சுவரும் குழாயும் கிடந்தபடி கிடந்தன. 1971இல்தான் நகர நிர்வாகம் சோஹோவில் கலைஞர்கள் வசிப்பதை விதிகளில் ஏற்றது. அதற்கு முன்பே ஒரு ஏற்பாடு இருந்தது. கலைஞர் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில், எந்த மாடியில் ஆள் இருக்கிறார் என்று ஒரு சிறு பலகை மாட்ட வேண்டும். தீப்பிடித்தால் தீயணைப்பு வீரருக்குத் தெரிவதற்காக. அந்தச் சுவர்களைப் படமெடுத்து உலகமே நகலெடுத்தது, பலகையை மட்டும் மறந்துவிட்டது.

நம் பக்கத்திலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டிய வீடு, பிறகு அவருடைய அலுவலகமாகி, 1998இல் கேலரி கஃபே என்ற உணவகமானது. முற்றத்துக்குப் பின் முற்றமாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும் அமைப்பு அப்படியே இருக்கிறது. அதே நகரில் டச்சுக்காரர் கால மருத்துவமனையைச் செப்பனிட்டு 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறந்தார்கள். இரண்டிலும் எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். விடுவதற்குத் தைரியம் வேண்டும். எதை விடலாம் என்று தெரிய, கட்டடத்தைப் படிக்க வேண்டும்.

வெல்லக் குடோனைப் படிப்பது தனிப் பாடம். முதலில் மழைக்காலத்தில் ஒரு தடவை போய் நிற்க வேண்டும். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் மூட்டை அடுக்கிய இடத்தில் தரையும், சுவரின் அடிப் பகுதி இடுப்பளவும் இனிப்பை உறிஞ்சியிருக்கும். மழை நாளில் அந்த இடம் கறுத்துப் பிசுபிசுக்கும், எறும்பு வரிசை கட்டும். ஒரு குடோனில் முன்பு யாரோ போட்டுப் போன சிமென்ட் தளம், செருப்புக் காலால் தேய்த்தாலே மாவாக வந்தது. சிமென்டில் தப்பில்லை, இனிப்புதான் காரணம். சிமென்டின் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை சேர்ந்தாலே அது இறுகச் சில மணி நேரம் தாமதமாகும். ஒரு சதவீதத்தை நெருங்கினால் இறுகுவதே நின்றுபோகும். கூடவே இருந்த பெரிய மேஸ்திரி அந்த மாவை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சிமென்ட்டுக்கு சர்க்கரை வியாதி, தம்பி. சுண்ணாம்புக்கு அதே சர்க்கரைதான் சத்து.”

அவர் சொன்னதில் விளையாட்டு பாதி, உண்மை முழுசு. பழைய சுண்ணாம்புக் காரையில் வெல்லமும் கடுக்காயும் போடுவது இந்த நாட்டு வழக்கம். கடுக்காயை இடித்து வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அந்தச் சாற்றை விட்டு அரைத்த காரை கரண்டியில் வழுக்கிக்கொண்டு போகும், மெதுவாக இறுகும், வெடிப்பு விடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்துத்தான் சுண்ணாம்பு கல்லாகிறது. அந்த வேலை மாதக்கணக்கில் நடக்கும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் 80, 100 வருடத்துச் செங்கல் சுவருக்கு இது ஒன்றுதான் ஒத்துவரும்.

காரணம் எளிது. பழைய சூளைச் செங்கல் மென்மையானது, ஈரத்தை வாங்கி வெளியே விடும். இணைப்பில் சிமென்ட் கலவையை அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் வழியாகவே வரும். வரும்போது உப்பைக் கொண்டுவரும். இரண்டு மழைக்காலம் போனால் இணைப்பு துருத்திக்கொண்டு நிற்கும், செங்கலின் முகம் உதிர்ந்திருக்கும். ஆகவே பழைய காரையை ஓர் அங்குல ஆழம் கையால் சுரண்டி எடுத்து, சுண்ணாம்புக் காரையே வைத்து அழுத்துகிறோம். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய விடவே மாட்டேன். சூளையில் வெந்த செங்கலின் மேல்தோல்தான் அதன் கவசம், மணல் முதலில் தின்பது அதைத்தான். தேங்காய் நார் பிரஷ், கொஞ்சம் தண்ணீர், நிறையப் பொறுமை போதும். தரையில் இனிப்பு ஊறிய மண்ணை வெட்டி வெளியே போட்டுவிட்டுப் புதுத் தளம் போடுகிறோம். இந்தச் செலவு எந்தப் படத்திலும் தெரியாது.

அடுத்து எலக்ட்ரீஷியன். சாதாரணக் கட்டடத்தில் அவர் வேலை சுவருக்குள் போய்விடும். குழாய் கோணலாக இருந்தாலும் பூச்சு மூடிவிடும். இங்கே மூடுவதற்கு ஒன்றும் இல்லை. ஜி.ஐ. குழாய் ஐந்தாறு வரிசையாக ஓடும்போது ஒன்று ஒரு நூல் தள்ளிப் போனாலும் சாப்பிட உட்காருகிறவர் கண் அங்கேதான் போய் நிற்கும். ஏன் என்று அவருக்குத் தெரியாது, ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் தெரியும். கிளாம்ப்களுக்கு நடுவே ஒரே இடைவெளி, வளைவுகள் எல்லாம் ஒரே அளவு, திருகுகளின் தலை ஒரே பக்கம். நூல் கட்டி, மட்டம் பார்த்து, எல்லாக் குழாயையும் தரையில் பரப்பி ஒத்திகை பார்த்த பிறகே சுவரில் முதல் துளை போடுவோம். செங்கலில் துளை போடக்கூடாது, காரை இணைப்பில்தான் போட வேண்டும். பின்னால் மாற்ற நேர்ந்தால் காரையை அடைத்துவிடலாம், உடைந்த செங்கலை ஒட்ட முடியாது.

குழாய்களில் எதைக் காட்டலாம் என்பதிலும் கணக்கு உண்டு. ஏ.சி. காற்றுக் குழாய் தெரியலாம். சமையலறைப் புகையை இழுக்கும் குழாய் சாப்பாட்டு அறைக்கு மேல் வரக்கூடாது. நாள் முழுக்க தோசைக்கல்லும் தாளிப்பும் ஓடும் அடுப்பின் எண்ணெய் அந்தக் குழாய்க்குள் படிந்துகொண்டே இருக்கும். திறந்து துடைக்கக் கதவுகளும், எண்ணெய் வழிய ஒரு சாய்வும் வேண்டும். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று உள்ளே வர வழியும் வேண்டும். அது இல்லையென்றால் வாசல் கதவைத் திறக்கவே பலம் வேண்டும், புகையும் ஒழுங்காக வெளியேறாது. சாப்பிடுகிறவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். அடுப்படியில் நிற்பவர் பத்து மணி நேரம் நிற்பார். பணம் குறைகிற இடத்தில் நான் விளக்கிலும் நாற்காலியிலும் வெட்டுவேன், எக்ஸாஸ்டில் கை வைக்க விடமாட்டேன்.

கண்ணுக்குப் பிடித்த இந்த அறைகள் பெரும்பாலும் காதில் தோற்றுப்போகின்றன. செங்கல், கல், தகரம் எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்ய வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைப் போட்டார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அளந்து ஒரு சூத்திரம் கண்டார். அறையின் கொள்ளளவை, அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்து, 0.161ஆல் பெருக்கினால் ஒலி அடங்கும் விநாடி கிடைக்கும், மீட்டர் கணக்கில்.

60 அடி நீளம், 30 அடி அகலம், 20 அடி உயரம் என்று ஒரு குடோனை எடுத்துக்கொள்ளுங்கள். காலி அறையில் ஒரு கைதட்டல் முழுதாக அடங்க ஐந்து விநாடி பிடிக்கும். 80 பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் உடையும் கொஞ்சம் உறிஞ்ச, இரண்டே கால் விநாடியாகும். பேச்சு புரிய ஒரு விநாடிக்குள் வர வேண்டும். சத்தம் கூடினால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார், பக்கத்து மேசையும் உயர்த்தும், கடைசியில் எல்லாரும் கத்திக்கொண்டிருப்பார்கள். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டு 1911இலேயே இதை எழுதிவைத்துவிட்டார்.

தீர்வு கூரையின் அடியில் இருக்கிறது. அந்த அறைக்குச் சுமார் 1,000 சதுர அடி, ஒலியை உறிஞ்சும் ராக்வூல் பலகைகள், கூரையிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு, மேலே காடாத் துணி சுற்றி. கண் மட்டத்தில் சுவரில் வருகிற சில பலகைகளுக்கு மட்டும் காளஹஸ்தி கலம்காரித் துணி. பேனா போன்ற மூங்கில் குச்சியால் வரைகிற அந்தத் துணியையும் முதலில் கடுக்காயிலும் பாலிலும்தான் நனைத்து எடுக்கிறார்கள். காரைக்கும் துணிக்கும் ஒரே கடுக்காய் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். துணி எதுவானாலும் தீத்தடுப்பு மருந்தில் முக்கியெடுத்த பிறகே உள்ளே வரும், அடுப்படிப் பக்கம் வராது.

மேசைக்குக் கடப்பாக் கல் கேட்பார்கள். பக்கத்து ஊர்க் கல், விலை குறைவு, கறுப்பு அழகு. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சையும் புளியும் சிந்தினால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். கோங்குராவும் ரசமும் பரிமாறுகிற மேசைக்கு லெதர் ஃபினிஷ் கிரானைட்தான் சரி, கடப்பா தரைக்குப் போகட்டும். நியூயார்க் படங்களில் இல்லாத இன்னொன்று கை கழுவும் இடம். கையால் சாப்பிடுகிற ஊரில் அதைக் கழிவறைக்குப் பக்கத்துச் சந்தில் ஒளித்து வைப்பது மரியாதையே இல்லை. மலையிலிருந்து இறங்கி மொட்டைத் தலையோடு வருகிற குடும்பத்தில் பாட்டி இருப்பார், மூன்று வயதுக் குழந்தை இருக்கும். கல் தொட்டியை அறைக்குள்ளேயே, இரண்டு உயரத்தில் வைக்கிறோம். பித்தளைக் குழாயின் இணைப்பு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். எனவே பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியன் நிலைமைதான்.

தீ விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடச் சொல்கிறவர்களிடம் கும்பகோணம் என்று ஒரு சொல் சொல்வேன். 2004 ஜூலை 16, அங்கே ஒரு பள்ளியில் சமையல் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். இந்த மோஸ்தருக்கு இன்னும் நெருக்கமானது மும்பை கமலா மில்ஸ். பழைய ஆலை வளாகத்தில் உணவகங்கள் நிறைந்திருந்த இடம். 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் மாடியில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள், வெளியேற வழி கிடைக்காமல் கழிவறைக்குள் ஒதுங்கியவர்கள் பலர். குடோன்களுக்குப் பொதுவாக ஒரே பெரிய வாசல்தான். மூட்டைக்கு அது போதும், மனிதருக்குப் போதாது. எதிர்ச் சுவரில் இன்னொரு கதவு, வெளிப்பக்கம் திறப்பதாக. அழகான சுவர் கெடுகிறதே என்பார்கள். கெடட்டும்.

கடைசியாகக் கூலி. எங்கள் பக்கம் எலக்ட்ரீஷியனுக்குப் பாயிண்ட் கணக்கு: ஒரு விளக்குக்கு இவ்வளவு, ஒரு பிளக்குக்கு இவ்வளவு. கொத்தனாருக்குச் சதுர அடிக் கணக்கு. இரண்டுமே பூச்சு மூடிவிடும் வேலைக்கு உண்டான கணக்குகள், வேகமாக முடித்தால்தான் கட்டுப்படியாகும். அதே கூலியைப் பேசிவிட்டுத் திருகின் தலையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை, கேட்டாலும் கிடைக்காது. அதனால் வெளியே தெரிகிற வேலை அனைத்துக்கும் நாள் சம்பளம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். வரைபடம் காட்டும் முன்பே உரிமையாளரிடம் இதைச் சொல்லிவிடுவேன். சம்மதித்தால் செங்கல் தெரியும் சுவர். இல்லையென்றால் பூசி, வெள்ளையடித்து, நல்ல ஃபேன் மாட்டி, நேர்மையான ஒரு மெஸ் போட்டுத் தருகிறேன். அதிலும் சோறு நன்றாகத்தான் இறங்கும்.