ஸ்பேசர் ஏறிய முன்பக்கம்

எஸ்யூவியின் முன்பக்கத்தை உயர்த்த மிக மலிவான வழி ஸ்பேசர். உருக்கு, அலுமினியம் அல்லது பாலியூரித்தேனில் செய்த தடித்த வட்டு அது. ஸ்ட்ரட்டின் உச்சிக்கும் சட்டத்துக்கும் நடுவே உட்காரும். டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்ற இரட்டை விஷ்போன் வண்டிகளில் ஸ்ட்ரட்டின் அடி, லோயர் ஆர்மின் நடுவாக்கில் பிணைந்திருக்கிறது. அதனால் 25 மி.மீ. ஸ்பேசர் வண்டியை ஏறத்தாழ 40 முதல் 50 மி.மீ. வரை தூக்கிவிடும். மேக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் ஏறக்குறைய வைத்த தடிமன்தான் உயரம். இரண்டு இஞ்ச் உயரம் வேண்டி இரண்டு இஞ்ச் ஸ்பேசரையே கேட்பவர்களுக்கு, நல்ல மெக்கானிக் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறார்.

பொருத்துவது பெரிய வேலையல்ல. சக்கரம், ஸ்டெபிலைசர் லிங்க், அப்பர் பால் ஜாயிண்ட் ஆகியவற்றைக் கழற்றி ஸ்ட்ரட்டை இறக்கி, அதன் தலையில் ஸ்பேசரை முடுக்கி மீண்டும் ஏற்றுகிறார்கள். ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் உள் ஸ்பேசர் வேறு ரகம்: ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் அமுக்கித்தான் பிரிக்க வேண்டும், நழுவினால் கை போய்விடும். அனுபவமில்லாத பையன்களை அந்த வேலையில் விடாத பட்டறையை நம்பலாம்.

வண்டி உயர்ந்தாலும் கீழிருக்கும் பாகங்களின் நீளம் மாறுவதில்லை, கோணம்தான் மாறுகிறது. அதிகம் அடிபடுவது டிரைவ் ஷாஃப்ட். டிஃபரென்ஷியல் சட்டத்தோடு மேலே போய்விட, ஷாஃப்ட் சக்கரத்தை நோக்கிச் சரிகிறது. ஷாஃப்ட் முனையிலுள்ள சிவி ஜாயிண்டின் ரப்பர் பூட்டில் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. மண் புகுந்த ஜாயிண்ட், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக்கென்று சத்தமிடும். டிஃபரென்ஷியலை 25 மி.மீ. அளவுக்கு இறக்கும் கிட் இந்தக் கோணத்தைக் கொஞ்சம் குறைக்கும், முழுவதும் தீர்க்காது.

பலர் கோட்டைவிடுவது ஆர்ம்களின் ரப்பர் புஷ்களில். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் வெடிக்கும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசி முடுக்கு போடுவதே முறை. கால் மணி நேரத்து வேலைதான். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

உயர்ந்த வண்டியில் சக்கரக் கோணங்களும் மாறும்: டோ கலைகிறது, காஸ்டர் குறைகிறது, கேம்பர் பாசிட்டிவ் பக்கம் சாய்கிறது. காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பச் சோம்பும். நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். லோயர் ஆர்மின் கேம் போல்ட்டுகள் ஓரளவுதான் ஈடுகொடுக்கும். அதற்கு மேல் உயர்த்தினால் மாற்று அப்பர் ஆர்ம் தேவை. டை ராட் எண்டும் பால் ஜாயிண்டும் தம் வீச்சின் ஓரத்திலேயே வேலை செய்வதால் விரைவில் தேய்கின்றன.

உச்சியில் வைத்த ஸ்பேசர் ஷாக்கை நீளமாக்கியதற்குச் சமம். பெரிய பள்ளத்தில் பம்ப் ஸ்டாப் தொடுமுன்பே ஷாக் உள்ளே முட்டலாம். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கலாம், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடலாம். எனவே வண்டியை இறக்குமுன் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்க்கிறார்கள். அலைன்மென்ட் முடிந்த பின், மேல்நோக்கிவிட்ட ஹெட்லைட்டையும் தாழ்த்த வேண்டும்.